டர்பனுக்குப் போன பிஸ்கட் டின்

தண்ணீர்மலை முருகன் பாதம் பணிந்து, அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்து, ஐந்து வயதில் அப்பாவோடு கப்பலேறிப் பினாங்கு வந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுத் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கி என்னை ஆளாக்கினார். பிறகு அங்கேயே கணக்கெழுதும் கிராணியானார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே பித்து, முகமறியாத அன்பர்களோடு தபாலில் அதிசயப் பொருள் மாற்றிக்கொள்வது. ஃபிஜியிலிருந்து திமிங்கலப் பல் வரும். இங்கிருந்து இரட்டைத் தலைப் பல்லி போகும். வந்ததற்கு ஈடாக ஒன்று போயே தீரவேண்டும் என்பது அவர்கள் முறை. பிஸ்கட் டின்னில் வைத்து, வெள்ளைத் துணியால் தைத்து அனுப்புவார்.

"அரிசி போட டின்னு இல்ல, பல்லிக்கு டின்னு இருக்கு" என்று அண்ணி சிரிப்பார்.

மூன்றே நாள் காய்ச்சலில் அண்ணன் போய்விட்டார். அஸ்திக் கலயம் விரிசல் விட்டிருந்ததால், அண்ணி அதையும் ஒரு பிஸ்கட் டின்னிலிட்டுத் துணியால் தைத்தார். பின்கட்டுப் பலகையில் வைத்தோம். டர்பன் அன்பருக்கென்று அண்ணன் தைத்திருந்த டின்னும் அங்கேதான் இருந்தது.

"அவரு சொன்ன சொல்லு நிக்கணும். அனுப்பிடுங்க தம்பி" என்றார் அண்ணி. 'அண்ணன் காலமானார், உங்களுக்கென்று கடைசியாக வைத்தது இது' என்று சீட்டெழுதி அனுப்பினேன்.

மறுநாள் அஸ்தி கரைக்கப் போன கடற்கரையில், சடங்கு செய்ய வந்த பண்டாரம் துணியைப் பிரித்தார். உள்ளே வாள்போல் வால் நீண்ட பெலங்காஸ் நண்டு, காய்ந்து கிடந்தது.

"என்னப்பா இது! ஒங்க அண்ணன் எங்க?"

அண்ணி மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஈர வேட்டியோடு தபாலாபீசுக்கு ஓடினேன்.

"தபால் கப்பல் காலையிலேயே போயிருச்சு லா, அண்ணே" என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

கூடப் பிறந்தவரை விலாசம் எழுதி அனுப்பிய பாவி நான். குப்பையென்று கொட்டிவிட்டால்? உடனே கடிதம் போட்டேன். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் வந்தது.

'டின்னைத் திறந்ததும் ஆடிப்போனேன். சீட்டைப் படித்து, என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே நினைத்தேன். பிள்ளையில்லை என்று முன்பே எழுதியிருந்தாரே! தலை மழித்து, குருக்களை வைத்துக் கடலில் கரைத்தேன். பிறகுதான் உங்கள் கடிதம் கிடைத்தது. வந்ததற்கு ஈடு அனுப்புவது எங்கள் முறை. இதற்கு ஈடாக என்னிடம் ஒன்றுமில்லை. மன்னியுங்கள்.'

அண்ணனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், துக்க நாளில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் கைகூப்புகிறோம். டர்பன் அன்பருக்கு என்ன சொல்ல? அவருக்குரிய பெலங்காஸை இந்த மலரோடு டின்னில் வைத்துத் தைக்கிறோம். தைக்குமுன் அண்ணியும் நானும் இரண்டு தரம் திறந்து பார்த்துக்கொண்டோம்.