ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு அறுநூற்று நாற்பது

உதியன்குளங்கரை ஜங்ஷனில் மாடிப்படிக்குக் கீழே எனக்குத் தையல் கடை. மாடியில் தீபுவின் ஸ்டுடியோ. அங்கே பதினொரு வருடம் எடிட்டிங் பார்த்தவள் பிரசீதா. கேமரா தீபுவுடையது, போர்டில் பெயரும் தீபுவுடையது. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் படியேறியது பிரசீதாவுக்காக. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன், தீபு முன்னாலும் சொல்வேன்.

அளவு எடுக்காமல் நான் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். அவளும் அப்படித்தான். யார் வந்தாலும் முதல் கேள்வி, "இது எந்தத் திரையில ஓடப் போகுது?" என்பதுதான். வீட்டு டிவி என்றால் பதினாறுக்கு ஒன்பது. பழைய டேப்பில் உள்ள படமோ நாலுக்கு மூன்று. அதை டிவி நிறைய இழுத்தால் ஒல்லியான மனுஷனும் குண்டாகிவிடுவான். மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். இழுக்காமலும் வெட்டாமலும் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். நம் பக்கத்தில் கல்யாண வீடியோவில் கறுப்பு வரக்கூடாது. "இதென்ன மரணவீட்டு வீடியோவா?" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள். அதனால் அதே படத்தை மங்கலாக்கி இரண்டு பக்கமும் நிரப்புவாள். ஆளும் கெடாது, கறுப்பும் தெரியாது.

நெய்யாற்றின்கரையில் தீபு புதிய ஸ்டுடியோ திறப்பதாக இருந்தான். போர்டில் 'தீபு – பிரசீதா' என்று இரண்டு பெயரும் வரும் என்று ஓணத்தன்று என் கடையில் நின்றுதான் சொன்னான். பிரசீதா அன்று சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். பதினொரு வருடமும் அவள் காத்திருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஓணம் கழிந்து அந்த ஆவணியிலேயே அதியன்னூர் சரோஜம் மாமியின் மகள் ஆர்யாவுக்குக் கல்யாணம். ஆர்யாவுக்கு மூன்று வயதாகும்போதே அப்பா சதாசிவன் இறந்துபோனார். அவர் நடமாடிப் பேசுவது ஒரே ஒரு டேப்பில்தான் உண்டு, புதுவீடு பால்காய்ச்சியபோது எடுத்த நாலு நிமிடம். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் சுற்றிக் காட்டுவார். மண்டபத்துக்குள் ஆர்யா நடந்து வரும்போது மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி சுவரில் அது ஓட வேண்டும் என்பது மாமியின் ஆசை.

"எனக்க ஆளை நல்லபடி காட்டணும் மக்கா. உன்ன நம்பித்தான் தாறேன்" என்று டேப்பைப் பிரசீதாவின் கையில்தான் கொடுத்தார்.

எல்இடி சுவருக்கு நிரந்தர அளவு கிடையாது. பேனல்களைச் சதுரம் சதுரமாக அடுக்குவார்கள். எத்தனை அகலம், எத்தனை உயரம் என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும். கல்யாணத்தன்று காலையில்தான் அது எழும்பி நிற்கும். அதனால் பிரசீதா எப்போதும் சுவர்க்காரன் ராபின்சனை அவளே போனில் கூப்பிட்டுக் கேட்பாள். இந்த முறை தீபு தடுத்தான்.

"ராபின்சன்கிட்ட நான் பேசியாச்சு. டிவி மாதிரி பதினாறுக்கு ஒன்பதாக்கும். பிக்சல் கணக்குல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது. நீ செய்."

அவள் செய்தாள். பதினொரு வருடம் கூட வேலை செய்தவன் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கல்யாணத்தன்று நான் மணப்பெண்ணின் ரவிக்கைக் கொக்கியைச் சரிசெய்துவிட்டு மண்டபத்துக்குள் வந்தேன். சுவர் பதினைந்து பேனல் அகலம், ஐந்து பேனல் உயரம். பாயை விரித்தது மாதிரி நீளமாகக் கிடந்தது. ஆர்யா கால் எடுத்து வைத்தாள், படம் ஓடியது. அந்த நீளத்துக்கு இழுபட்டு, ஒல்லியான சதாசிவன் பூசணிக்காய் மாதிரி சப்பிப்போய்ச் சிரித்தார். தோளில் இருந்த குழந்தைக்குக் கழுத்தே இல்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒருவன் பக்கென்று சிரித்தான். பிறகு அந்த வரிசையே சிரித்தது. ஆர்யா தலையைக் குனிந்துகொண்டே மேடை ஏறினாள். சரோஜம் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரசீதா ராபின்சனிடம் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"என்ன அளவுடே இது?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு அறுநூற்று நாற்பது, சேச்சி. பத்து நாளுக்கு முன்னமே தீபு அண்ணனுக்கு அனுப்பினேனே. பாருங்க." கைபேசியை நீட்டினான். அளவு இருந்தது. அதற்குக் கீழே தீபுவின் பதிலும் இருந்தது: 'கிட்டியது. எடிட்டருக்கு நான் சொல்லிக்கொள்வேன், நீ அவளைக் கூப்பிட வேண்டாம்.'

பிரசீதா அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, அறுநூற்று நாற்பது உயரத்துக்குப் படத்தை அளவாக வைத்துத் திரும்ப எடுத்தாள். அது தயாராகும்போது மேளம் உச்சத்தில் இருந்தது. தாலி ஏறிவிட்டது.

தீபு, சரோஜம் மாமியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். "நான் அளவு சரியாத்தான் சொன்னேன். இவ மறந்துட்டா. என்ன செய்ய?"

"ராபின்சா, அந்த மெசேஜைக் காட்டு" என்றாள் பிரசீதா.

தீபு கூப்பிட்டால்தான் ராபின்சனுக்கு வேலை. அவன் தீபுவின் முகத்தைப் பார்த்தான். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். "எனக்கு ஒண்ணும் தெரியாது சேச்சி" என்று ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். ஒரு நிமிடம் முன்னால் காட்டிய அதே ஆள்! "நானும் பார்த்தேன்" என்று நான் கத்தினேன். தையல்காரி பேச்சை யார் கேட்கிறார்கள்?

காரணம் அடுத்த வாரம் வெளிச்சமானது. நெய்யாற்றின்கரை போர்டில் 'தீபு – அபிலாஷ்' என்று இருந்தது. அபிலாஷ் அவன் மனைவியின் தம்பி, வளைகுடாவிலிருந்து வந்தவன். ஆட்களெல்லாம் தேடி வருகிறவளைச் சும்மா வெளியே அனுப்ப முடியுமா? ஊர் பார்க்க ஒரு தப்பு தேவைப்பட்டது. அதற்குச் செத்துப்போன மனுஷனின் முகம்தானா அவனுக்குக் கிடைத்தது? படுபாவி.

பிரசீதா அந்தப் படத்தைத் திரும்பச் சரியாக எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் ஸ்கூட்டரில் கூடப் போனேன். இந்த முறை அவள் எதையும் நிரப்பவில்லை. டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் சதாசிவன், ஒல்லியாக, உள்ளபடியே.

நாலு நிமிடமும் மாமி நின்றுகொண்டே பார்த்தார். "கறுப்பு கெடந்தா கெடக்கட்டு. இதாக்கும் எனக்க ஆளு" என்றார். பிறகு திரும்பினார். "இப்படி ஒண்ணு உண்டுன்னா, அன்னைக்கு என்னத்துக்கு அவரை அப்படிக் காட்டின?"

"தீபு அண்ணன் எனக்குத் தப்பான அளவு சொன்னாரு மாமி. தெரிஞ்சே சொன்னாரு."

"தீபுவா?" மாமியின் முகம் இறுகியது. "நீ செஞ்சதுக்கு அவன் வந்து எனக்க காலைப் பிடிச்சு அழுதான். வீடியோ எடுத்ததுக்குப் பைசா ஒண்ணும் வேண்டாம்னுட்டுப் போனான். அவனையா சொல்லுத?"

"உள்ளதாக்கும் மாமி, நானும் பாத்தேன்" என்றேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

பென்டிரைவை டிவியிலிருந்து உருவி, சதாசிவனின் போட்டோவுக்குக் கீழே விளக்கருகில் வைத்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போதுதான், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, பிரசீதா அழுவதைப் பார்த்தேன்.