சாவி கொடுக்காத பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ரெங்கம் ஊரில் எனக்கு நன்றாக மூக்குடைபட்டது. ஒரு வாரமாகியும் குழப்பம் தெளியவில்லை...

பிடில் மாணிக்கத்தை ஞாபகமிருக்கிறதா? ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். சிங்கப்பூருக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டுக்கு வாசித்துக் கொடுத்தார். அதைக் கேட்டுவிட்டு, போன வருஷம் இதே பத்தியில் எழுதினேன் — 'சுருதி ஏறிக்கொண்டே போகிறது, இந்தப் பிடிலை யாராவது பிடித்து நிறுத்தக் கூடாதா?' என்று. நிறைய பேர் ரசித்துச் சிரித்தீர்கள். எனக்கும் பெருமைதான்.

மனுஷர் இறந்துபோனார். கருமாதிக்கு ரயிலேறிப் போனேன். எழுதியது உறுத்தியதா என்றால்... கொஞ்சம்.

சடங்கு முடிந்ததும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கிராமபோன் பெட்டியை வைத்து, அவர் மனைவி அஞ்சலை அந்தத் தட்டைப் போட்டார். பழைய பெட்டி. ஸ்பிரிங் தளர்ந்தது. சாவி கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே தட்டு சுற்றுவது குறைய ஆரம்பித்தது. துக்க வீட்டில் பாட்டு இழுத்துக்கொண்டு நிற்கலாமா? ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். நான் விடாமல் சுற்ற, பிடிலும் விடாமல் ஏறியது. கடைசியில் பூனை கத்துவது மாதிரி... வந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"சுத்தாதீங்க ஐயா. விட்ருங்க."

"நின்னு போயிடுமே அம்மா?"

"நிக்காது. இந்த லயத்துக்கே இருக்கறது இந்த ஒரு பெட்டிதான். எந்தப் பாட்டப் போட்டாலும் போகப் போக அழுவுதேன்னு கவலப்படுவாரு. அதான், இந்தப் பெட்டி எப்படித் தளருதுன்னு பார்த்துப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி தட்டுல ஏத்தி ஏத்தி வாசிச்சாரு."

மறுபடி போட்டார். ஒரே முறை சாவி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தட்டு தளரத் தளரப் பாட்டு இறங்க வேண்டும். பிடிலோ ஏறிக்கொண்டே போகிறது. இறக்கமும் ஏற்றமும் சரிக்குச் சரியாகி — சுருதி அசையாமல் நின்றது! சுத்தமான மோகனம்.

"அலமாக்... நேரா வருதே!" என்று வியந்தார் பக்கத்தில் நின்ற லாரி டிரைவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் குழப்பத்தைப் பாருங்கள். நல்ல பெட்டியில் கெட்டுப்போகும், கெட்ட பெட்டியில் நன்றாக இருக்கும் — இப்படியும் ஒரு சங்கீதம் உண்டா? பாட்டு இருப்பது தட்டிலா, ஸ்பிரிங்கிலா? நாளைக்கு அந்த ஸ்பிரிங் அறுந்தால்? இதையெல்லாம் அவர் ஏன் ஊருக்குச் சொல்லவில்லை?

கேட்டேன். "அதெல்லாம் எனக்கு என்னங்க ஐயா தெரியும்?" என்றார் அஞ்சலை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். "எங்க வீட்டுக்காரருக்குச் சுருதி தெரியாதுன்னு எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்க எழுதித்தானே அது பரவுச்சு? நீங்களே மாத்தி எழுதுங்க."

எழுதிவிட்டேன்: மாணிக்கத்துக்குச் சுருதி தெரியும். எனக்குத்தான்...

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நான் எழுதினதப் படிச்சாரா?"

"படிச்சாருங்க. சிரிச்சாரு. 'ஐயா வீட்டுப் பெட்டி புதுசு போல, பாவம்'னாரு."

ஸ்பிரிங் தளர்ந்த கிராமபோன் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? பதிலுக்கு என் புதுப் பெட்டியைத் தந்துவிடுகிறேன்.