தாத்தா இறந்த கிழமை

போன வாரம் ஒரு தப்பு செய்தேன். நான் வேலை பார்க்கும் பத்திரிகை ஆபீசில் பழைய இதழ்களைப் புரட்டியபோது கண்ணில் பட்ட சில வரிகளை நகலெடுத்து வந்து, சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

‘மாமல்லபுரம் அருகே கால்வாயில் நேற்று படகு கவிழ்ந்து உபாத்தியாயர் ஒருவர் மரணமடைந்தார்...’

அந்த உபாத்தியாயர் அம்மாவின் அப்பா; அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை, தனியாக இருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய செய்தி. செங்கல்பட்டில் இருந்த குடும்பத்துக்குத் தகவல் வந்தது வாரக் கடைசியில். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. என்றைக்கு என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. திதி தெரியாததால் அமாவாசையில்தான் திவசம்.

“பேப்பர் என்ன கிழமைடா?”

“வியாழன்.”

“அப்ப... புதன்கிழமை தவறியிருக்கார்.”

அம்மா இலையை மூடிவிட்டாள்.

விஷயம் மெல்ல வந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பத்து வயது அம்மா தன் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறாள். ‘எனக்குக் காய்ச்சல். உடனே வா.’ காய்ச்சலாவது ஒன்றாவது! அப்பாவைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

“செவ்வாய்க்கிழமை காகிதம் போடாதேடின்னு அத்தை தலைதலையா அடிச்சிக்கிட்டா. திருட்டுத்தனமா போட்டேன். புதன் காலையில கிடைச்சிருக்கும்... படகேறிட்டார்.”

மூன்று நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் கிராம முன்சீப் எழுதிய மரண ரிஜிஸ்டர் இருக்கும். பார்க்கலாம்தான். ஆனால் அதிலும் புதன் என்றே இருந்துவிட்டால்? சந்தேகத்துக்கு சர்க்கார் முத்திரை வாங்கி வந்த கதை ஆகாதா?

போனேன்.

“இன்னா சார், நாப்பது வருசத்து ரிஜிஸ்டரா?” ரிகார்டு ரூம் பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டை அவிழ்த்தார். “கரையான் துன்னது போக கீறதைப் பாத்துக்கோ. உன் ஆளை துன்னுட்ருந்தா என்னாண்ட சண்டைக்கு வராதே.”

பெயர் இருந்தது. தேதி இருந்தது. பத்திரிகை வந்த வியாழனிலிருந்து விரல்விட்டுப் பின்னோக்கிக் கிழமையை எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

திங்கள்!

அப்படியானால் பத்திரிகையில் புதன் எப்படி வந்தது? என் தொழில்தான் குற்றவாளி. உள்ளூர் நிருபர் செவ்வாயன்று ‘நேற்று’ என்று எழுதித் தபாலில் போடுகிறார். புதன் ஆபீசுக்கு வருகிறது. வியாழன் அச்சாகிறது — ‘நேற்று’ மட்டும் நகராமல் அப்படியே. நானே எத்தனை ‘நேற்று’களைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேனோ...

அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா, திங்கள்கிழமை! நீ கார்டு போட்டபோது அவர் உயிரோடவே இல்லை. உன்னால இல்லம்மா!”

அம்மா என்னையே பார்த்தாள். அழுவாள், சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப... அவர் என்னைப் பார்க்கக் கிளம்பலையா?”

திருத்தம் வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி, பத்திரிகைக்காரர்கள்.