அண்ணன் கூவிய நாள்

இந்த ஊரில் தொலைபேசியில் அழைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே தங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ‘போன்ஜூர், நான் இன்னார், தொந்தரவு செய்கிறேனா?’ என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். மணமாகி பாரிசுக்கு வெளியே உள்ள இந்தச் சிற்றூருக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகியும் எனக்கு இது விநோதமாகவே இருக்கிறது. காரைக்காலில் எங்கள் வீட்டுக்குள் யாரும் பெயரைச் சொல்லிக்கொண்டு போன் செய்ததில்லை. சொன்னால், ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றதாகிவிடும்.

ஆட்டம் இதுதான். குரலை மாற்றி வேறு யாரோ போலப் பேச வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் போனிலேயே சேவல் மாதிரி மூன்று முறை கூவ வேண்டும். வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு வந்த வாரமே இதைத் தொடங்கியவர் என் அண்ணன் அருள். என்னோடு படித்த திருமலைராயன்பட்டினத்து சபுராவும் சேர்ந்துகொண்டாள். இரண்டே மாதத்தில் எங்களை மிஞ்சிவிட்டாள். ஒருநாள் கேஸ் ஏஜென்சியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அடுப்பு எந்த நிறத்தில் எரிகிறதென்று அம்மாவைப் பார்த்துவரச் சொன்னாள். அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடி, “நீலந்தாங்க, நல்லா நீலமா எரியுதுங்க” என்று மரியாதையாகச் சொல்ல, சபுரா சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தாள். அம்மா கூவினார். அப்பாவும் பல தடவை கூவியிருக்கிறார். என் கதையைக் கேட்கவே வேண்டாம். அருளண்ணன் மட்டும் ஒருமுறைகூடக் கூவியதில்லை. நான் அல்லோ என்பதற்குள் “என்ன சீலி, மூக்கப் புடிச்சிக்கிட்டுப் பேசுறியா?” என்பார்.

இங்கே வந்தபின் தொலைபேசியே எனக்கு எதிரியானது. நேருக்கு நேர் என்றால் கையும் கண்ணும் துணைக்கு வரும். போனில் வெறும் குரல்தான். ஒருமுறை டாக்டரிடம் நேரம் வாங்க அழைத்தேன். அங்கிருந்த பெண் என் பெயரின் எழுத்துகளைக் கேட்டாள். ஜெயசீலிக்கு முதல் எழுத்து ‘ஜே’ என்றேன். பிரெஞ்சில் ஜே என்றால் ஆங்கில எழுத்து ‘ஜி’. ஆங்கில ‘ஜே’யைத்தான் அவர்கள் ஜீ என்பார்கள். மூன்று வாரம் காத்திருந்து போய் அட்டையைக் காட்டினால், பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. அதில் நான் ‘ஜி’யில் தொடங்கும் வேறு யாரோவாக இருந்தேன். அதற்குப் பிறகு எல்லா அழைப்பையும் என் கணவரிடம் தள்ளிவிட்டேன். அண்ணனிடம் அழுதபோது அவர் சிரித்தார். பள்ளியிலேயே இலக்கணத்தோடு பிரெஞ்சு படித்தவர் அவர். “ஒம் பிரெஞ்சு கஞ்சியில உப்பு மாதிரி, தேடித்தான் பாக்கணும்” என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறேன். போன வசந்தத்தில் அங்கே பொறுப்பாளர் இடம் காலியானது. பிள்ளைகளுக்கு ஒவ்வாமை, காய்ச்சல் என்றால் பெற்றோரை அழைத்துப் பேசுவது அந்த வேலையில் பாதி. எட்டு வருடமாக என் பக்கத்தில் நின்று காய்கறி நறுக்கியபடி ஓயாமல் பேசிப் பேசியே எனக்கு மொழி கற்றுக்கொடுத்த மார்த்தீன், “நீ கேள்” என்றாள். போன் பயம் என்றேன். “அப்படியானால் முதலில் யாரோடாவது பேசிப் பழகு.”

“என் அண்ணனோடு பேசுகிறேன். அவரைச் சேவல் மாதிரிக் கூவ வைக்க வேண்டும்” என்றேன்.

நான் வார்த்தையை மாற்றிச் சொல்வதாக நினைத்து மார்த்தீன் திருத்த ஆரம்பித்தாள். ஆட்டத்தை விளக்கியதும் தன் போனை எடுத்து நீட்டினாள்.

காலை இடைவேளை. ஊரில் பிற்பகல். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வெளியே லாரி எடை மேடையில் அண்ணன் வேலையில் இருப்பார். மணி அடித்தது. எடுத்தார். நான் பிரெஞ்சில் தொடங்கினேன்.

“போன்ஜூர் முசியே. நான் மதாம் லெரூ. என் தாத்தா காரைக்காலில் பிறந்தவர். அந்த வீட்டைப் பார்க்க வர விரும்புகிறேன். அங்கே பிரெஞ்சு பேசுபவர் நீங்கள் ஒருவர்தான் என்றார்கள்.”

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார். “வுய் மதாம், நிச்சயமாக மதாம்” என்றார். எந்தத் தெரு, எந்த மாதம் வெயில் குறைவு, எங்கே தங்கலாம், எல்லாம் சொன்னார். ஒரு நிமிடம் முடிந்தது. மூன்றானது. மார்த்தீன் விரல்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவராகவே சொன்னார்:

“என் தங்கையும் பிரான்சில்தான் இருக்கிறாள், மதாம். பாவம், உங்கள் மொழி அவளுக்கு வரவில்லை. நான் கேலி செய்வேன். ஆனால் எங்களையெல்லாம் விட்டுத் தெரியாத ஊரில் போய் நின்றவள் அவள். எங்கள் வீட்டில் அந்தத் தைரியம் யாருக்கும் இல்லை. ஆயிரம் குரலுக்கு நடுவிலும் அவள் குரலை நான் கண்டுபிடித்துவிடுவேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஆனால் விடுவேனா? தமிழுக்குத் தாவிக் கத்தினேன்.

“அண்ணே, கூவுங்க!”

“ஏ... யாரது?”

“நாந்தான், சீலி. அஞ்சு நிமிஷம் ஆச்சு. கூவுங்கண்ணே.”

ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. “நெசமாவே நீயா பேசுன புள்ள? லாரிக்காரங்க எல்லாம் நிக்கிறாங்க. சாயங்காலம் கூவுறேனே.”

“ஆட்டம்னா ஆட்டம். இப்பவே!”

கூவினார். மூன்று முறை, துறைமுகத்துக்கே கேட்கும்படி. ஓட்டுநர்கள் சிரிப்பதும் யாரோ கைதட்டுவதும் கேட்டன. அன்று மாலைக்குள் சபுரா வரைக்கும் செய்தி போயிற்று.

அடுத்த வாரம் அந்த வேலையைக் கேட்டேன். கொடுத்தார்கள். இப்போது தினமும் நான்தான் பெற்றோர்களை அழைக்கிறேன். என் பெயரைத் தவறாக எழுதுபவர்களை நான் விடுவதில்லை. ஆனால் என் மனதில் நிற்பது அந்த அழைப்பின் கடைசி நிமிடம். சிரித்து ஓய்ந்த அண்ணன், “எல்லாஞ் சரி புள்ள. ஆனா பிரெஞ்சு பேசுனது ஒங் கொரலாவே இல்லியே” என்றார். அதே நேரத்தில் மார்த்தீன் என் கையைத் தொட்டாள்.

“கடைசியில் உன் மொழியில் கத்தியது யார்? எட்டு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.”

காதில் அண்ணன், எதிரே மார்த்தீன். இருவருமே நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். எந்தக் குரல் முதலில் வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.