அஞ்சலை திருடிய செடிகள்

அஞ்சலைக்கு வயிற்றெரிச்சல். யார் மேல் என்று வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. எதிர் ஃப்ளாட்டுச் செடிகள் மேல்.

திருவேற்காட்டில் மூன்றாவது மாடியில் அவளும் அவள் புருஷன் கோவிந்தராஜும் குடியிருந்தார்கள். மனுஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவர். இரண்டு வருஷம் முன்னால் ரிட்டையர் ஆனார், அன்றோடு வாயையும் மூடிக்கொண்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், ஏதாவது கேட்டால் "உம்" என்பார். குழம்பு தீய்ந்துபோனாலும் அதே "உம்"தான். ஒரு சண்டையாவது போடக் கூடாதா இந்த ஆள் என்று அஞ்சலை ஏங்கிப்போயிருந்தாள்.

எதிர் ஃப்ளாட்டு வர்ஷா கரூர்ப் பெண். ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தேதான். கூடத்தில் செடி, ஜன்னலில் செடி, பாத்ரூமில்கூட ஒரு செடி. "வீட்டுக்குள்ள பச்சையா ஏதாவது இருந்தா மனசு லேசாயிடும் ஆன்ட்டி" என்பாள். அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போனவள், தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைக் கோவிந்தராஜிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் ஆயிற்று. காபி ஆறுகிறதே என்று டம்ளரோடு கூப்பிடப் போன அஞ்சலை, கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிக்கீது? வெயிலு ஜாஸ்தியா? இரு, ஓரமா தள்ளி வெக்கிறேன். நீ இன்னாடா, நேத்து இத்தினிதான இருந்த, அதுக்குள்ள இப்டி வளந்துட்ட?"

அடப்பாவி மனுஷா! போன வருஷம் டைஃபாய்டில் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தேனே, அப்போது எங்கே போயிருந்தது இந்த "இன்னாம்மா"? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியைத் தானே குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அதற்கும் மேல். பிரஷர் பார்க்கப் போன இடத்தில் நர்ஸ், "நல்லா கொறஞ்சிருக்கே சார், என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "செடிக்குத் தண்ணி ஊத்துறேம்மா" என்றார் கோவிந்தராஜ், பல்லெல்லாம் தெரிய. பக்கத்தில் நின்ற அஞ்சலைக்கு நெஞ்சு புகைந்தது. இரண்டு வருஷமாக உப்பைக் குறைத்து, ஊறுகாயை ஒளித்து, மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தவள் இவள். நல்ல பேர் மட்டும் அந்த இலை தழைக்கா? ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் பேசவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் அஞ்சலை யோசித்தாள். செடி நம் வீட்டில் இருந்தால் பேச்சும் நம் வீட்டில்தானே இருக்கும். வர்ஷாவைக் கேட்டால் கை நிறையக் கொடுப்பாள். ஆனால் மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் வளரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மணி பிளான்ட்டுக்கு உள்ளது மற்றதுக்கும் இருக்காதா என்ன? அவளே முடிவு செய்துகொண்டு, சாவியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு போனாள். எதை வெட்டுவது, எங்கே வெட்டுவது என்றெல்லாம் தெரியாது. அழகாக இருந்ததையெல்லாம் வெட்டினாள். பதினொரு துண்டு. ஊறுகாய் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, அவற்றைப் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தாள்.

சாயங்காலம் எதிர் ஃப்ளாட்டிலிருந்து கோவிந்தராஜ் ஓட்டமாக வந்தார். "எவனோ உள்ள பூந்து செடியெல்லாம் வெட்டிக்கினு போய்க்கீறான், அஞ்சல. அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவள் பேரைச் சொல்லிவேறு கூப்பிட்டிருந்தார். ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்தது. பிறகுதான் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். செடிக்காக அழுகிறார்! வந்த குளிர்ச்சி வந்த வழியே போயிற்று. விடுவிடுவென்று போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள்.

"எவனும் இல்ல. நான்தான்."

அவர் பாட்டில்களைப் பார்த்தார். "இன்னாத்துக்கு? கேட்டா குடுத்திருக்குமே அந்தப் பொண்ணு."

"கேட்டு வெச்சா வளராது."

"அது மணி பிளான்ட்டுக்கு."

"எதுக்கோ ஒண்ணு. அங்க போய்க் கொஞ்சுறியே, அத நம்ம ஊட்ல கொஞ்சு. நான் காதாலயாவது கேட்டுக்கினு இருப்பேன்."

அவர் குனிந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். "உம்" கூட வரவில்லை.

வர்ஷா ஊரிலிருந்து வந்ததும் அஞ்சலையே போய் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், வெட்டினால்தான் அடர்த்தியாகத் துளிர்க்கும் ஆன்ட்டி என்றாள். பதினொன்றில் ஏழு அழுகிப்போயின. மீதி நாலும் வேர் விட்டன. கோவிந்தராஜ் இப்போது காலையில் ஸ்டூல் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுகிறார். பேச்சு ஓடுகிறது, முதுகு மட்டும்தான் சமையலறைப் பக்கம். சக்களத்தியை நானே கூட்டிவந்து குடிவைத்தேனே என்று அஞ்சலை தோசைக்கல்லைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

ஒரு நாள் காலை, நாலு பாட்டிலில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அவர் கேட்டார், "இன்னா, ராத்திரி தூங்கினியா?"

"எங்க தூங்குனேன்? முட்டி ஒரே வலி" என்றாள் அஞ்சலை, சமையலறையிலிருந்து.

தன்னைக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். கரண்டியைப் பிடித்தபடி, திரும்பாமல் நின்றாள்.

பால்கனியில் ஸ்டூல் நகர்ந்தது.

"எந்தக் காலு?" என்றார்.