கட்டாய வினா

வலது ஓரத்தில் மதிப்பெண் போடாமல் டீச்சருக்கு ஒரு கேள்வியும் எழுத வராது. கட்டி இருப்பது கணையத்தின் தலைப்பகுதியிலா, வால்பகுதியிலா? ஒரு மதிப்பெண். பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா? இரண்டு. முதலில் கீமோவா, ஆபரேஷனா, ஏன்? ஐந்து. சாப்பாட்டு மேசையில் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, அடிக்கோல் பிடித்துக் கோடு போட்டு, நாளைக்குப் பெரிய டாக்டரிடம் நீட்ட வேண்டிய தாளைத் தயாரிக்கிறார். நோய் இவருக்கு. பார்க்கிறவர்களுக்கோ, டாக்டருக்குத்தான் பரீட்சை என்று தோன்றும்.

டீச்சர் என்றுதான் ஊரே கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படியே. அறிவியல் எடுக்கிறார். மருந்துக்கடை ரசீதில் எழுத்துப்பிழை இருந்தால்கூட சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் பையில் போடுவார். உடம்பு வற்றிக் கைக்கடிகாரம் முழங்கைக்கு ஓட ஆரம்பித்ததும், பள்ளி வேன் ஓட்டுகிற கணவர் ஆணியைக் காய்ச்சி வாரில் புதுத் துளை போட்டுக் கொடுத்தார். "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கீங்க" என்று அதற்கும் திருத்தம் சொன்னார் டீச்சர்.

கேள்வித்தாளில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "தெரியாத பிள்ளை வெறும் தாளைக் குடுத்துட்டு எழுந்து போகக் கூடாது. ஒரு வழி விடணும்" என்பார். அதனால் கஷ்டமான கேள்விக்குக் கீழே 'அல்லது' போட்டு இன்னொன்று வைப்பார். பிள்ளைகள் அவரைக் கும்பிடாத குறை.

அந்தக் கருணையைப் பெரிய டாக்டரிடமும் காட்டியதுதான் வினையாகப் போனது. போன முறை கொண்டுபோன தாளில் கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: நான் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன்? அல்லது, என்னென்ன சாப்பிடலாம்? பத்து மதிப்பெண்.

டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பாஸ் மார்க் எவ்வளவு, மேடம்?"

"உங்களுக்கு பாஸ் மார்க்கே கிடையாது. முழு மார்க் வாங்கணும்."

எல்லாவற்றுக்கும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார் மனிதர். கடைசிக்கு வந்ததும் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயைக் குறைங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடுங்க, செரிமான மாத்திரையைச் சாப்பாட்டோடவே போடுங்க என்று விளாசித் தள்ளினார். 'எவ்வளவு காலம்' என்ற கேள்வி வந்ததும் "வண்டி குறுக்க நிக்குது" என்று எழுந்தோடிய கணவர், எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பி வந்து, ஒன்று விடாமல் செல்போனில் பதிந்துகொண்டார். வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு!

டீச்சருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "என் உயிரை அந்த டாக்டர் சாய்ஸ்ல விட்டுட்டாருங்க."

"சாப்பாடும் முக்கியம்தானே, டீச்சர்?"

டீச்சர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் வகுப்புக் குரல்.

இன்றைய தாள் முடிந்துவிட்டது. இந்த ஆபரேஷனை நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்பதற்கும் மூன்று மதிப்பெண் போட்டாயிற்று. "ஒருதரம் படிச்சுப் பாருங்க" என்று கணவரிடம் நீட்டினார். அவர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போய், கடைசி வரியில் நின்றார். எவ்வளவு காலம்? அவ்வளவுதான். கீழே 'அல்லது' இல்லை. பக்கத்தில் 'கட்டாய வினா' என்று எழுதி அடிக்கோடு இழுத்திருந்தது.

"ஒரு சாய்ஸ் வச்சிருக்கலாமே. பாவம், அந்த மனுஷன்."

"எந்த மனுஷன்?"

கணவர் மேசைத் துணியின் நுனியைத் திருகினார். 

"இங்க பாருங்க. எவ்வளவு நாள்னு தெரிஞ்சாத்தான் போர்ஷன் பிரிக்க முடியும். கீமோல கிடக்கிறதா, வகுப்புக்குப் போறதா, உங்களுக்கு அடுப்புப் பத்தவைக்கக் கத்துக்குடுக்கிறதா, எல்லாத்தையும் பிரிக்கணும். அவர் சொல்றப்ப நீங்களும் பக்கத்துல இருக்கணும். நான் மட்டும் கேட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்லணும்னா, என்னால ஆகாதுங்க. அந்தப் பாடத்தை நான் எடுக்க மாட்டேன்."

அவர் மண்டையை மண்டையை ஆட்டினார். ஆட்டுவதற்கு என்ன, போன முறையும்தான் ஆட்டினார்.

மறுநாள் பெரிய டாக்டரின் அறை. டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார், தேர்வுக்கூடத்துப் பழக்கம். டாக்டர் சிரித்தபடியே தொடங்கி, வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறது, அதனால் முதலில் கீமோ, கட்டி சுருங்கினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். டீச்சரைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

கணவருக்கு நாற்காலி சுட்டது. "வண்டி..." என்று பாதி எழுந்தார்.

டீச்சர் டாக்டரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிதானமா சொல்லுங்க, டாக்டர். நேரம் இருக்கு" என்றார். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, கணவரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உட்கார்ந்த பிறகும் விடவில்லை.