டிக்கிக்கு வைத்த முட்டு

எங்கள் வீட்டுக்கு வந்த கார், வரும்போதே கெட்ட எண்ணத்தோடுதான் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். தகரத்துக்கு ஏது எண்ணம் என்பார்கள். அதன் டிக்கிக்குள் தலையை விட்டு ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்திருந்தால் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

நீலகிரியில் வெலிங்டனுக்குப் பக்கத்தில், வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மருந்தை எடை போடும் பிரிவில் வேலை. கை நடுங்காதவர்களைத்தான் அங்கே வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். விரல் ஆடினால் வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் பதினெட்டு வருடம் நீட்டினார், ஒரு விரலும் ஆடவில்லை. அந்தக் கைமேல் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் அவர் முன்னால் காட்டிக்கொண்டதில்லை.

பெருமையைவிட பயம்தான் அதிகம். அந்தக் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் காது ஆலைச் சங்கின் பக்கமே இருக்கும். காலைச் சங்கு, மதியச் சங்கு, மாலைச் சங்கு. வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சாலைக்கு வந்து நிற்போம். ஆலையின் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு ஒத்திகைக்கு ஊதினார்களாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். தீய்ந்துபோன குழம்பைப் பார்க்கத் திரும்பிப் போவோம். எனக்கு எந்தக் கெடுதல் வந்தாலும் அந்தக் கேட்டுக்குள்ளிருந்துதான் வரும் என்று நம்பியிருந்தேன்.

அவர் வேலை செய்த இடத்தில் இரும்புக்கு இடமில்லை. கரண்டி, சுத்தியல், பெட்டி எல்லாமே மரம் அல்லது பித்தளை. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசைத் திருப்பியைக்கூட மரத்தில் செதுக்கித் தருகிறேன் என்றார். மரத்துக்கெல்லாம் தோசை திரும்பாது என்று நான் சொன்ன பிறகுதான் விட்டார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் எடை பார்ப்பார், பிறகு திருப்பிப் பார்ப்பார், பிறகு முகர்ந்து பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற மனுஷன்.

அப்படிப்பட்டவர்தான் அந்தக் காரை வாங்கினார். எஸ்டேட் அதிகாரி ஒருவர் வேலையை விட்டு மலையிறங்கிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வண்டி. என்ஜின் நன்றாகத்தான் ஓடியது. டிக்கியின் மூடியைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் இரண்டு பக்கமும் போயிருந்தது. அந்தக் காலத்துத் தகரம் இந்தக் காலத்துத் தகரம் மாதிரி இல்லை. தூக்க ஒரு ஆள் வேண்டும், தூக்கியதைப் பிடித்துக்கொண்டு நிற்க இன்னொரு ஆள் வேண்டும். ஸ்பிரிங் கேட்டு கோயமுத்தூர் வரைக்கும் ஆள் விட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்ற கதைதான்.

முதலில் தன் குடையை வைத்து முட்டுக்கொடுத்தார். குடை வளைந்து போனது. அடுத்து விளக்குமாற்றின் கட்டை. அது வழுக்கி, மூடி இறங்கி, முட்டைக்கோஸ் ஒன்றைச் சரிபாதியாக வெட்டியது. நான் சிரித்தேன். வெட்டுப்பட்ட கோஸை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, அரிவாள்மனையில் வைத்து அறுத்ததுபோல அத்தனை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மூங்கில் வைத்தார். ஒரு வாரம் நின்றது, பிறகு நீளவாட்டில் பிளந்தது. அடுத்து கயிறு. மூடியில் ஒரு சுருக்குப் போட்டு, மேலே கேரியர் கம்பியோடு இழுத்துக் கட்டினார். எல்லாவற்றிலும் மோசம் அதுதான். மஞ்சு மூடுபனியில் நனைந்த கயிறு இழுபடும். மூடி சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாம் குனிந்து பை எடுத்துக்கொண்டிருப்போம், பிடரியில் குளிர்ந்த தகரம் வந்து தொடும். ஒரு தடவை எனக்கு அப்படித் தொட்டது. அன்றிலிருந்து ரொம்ப நாள் அந்த டிக்கியின் பக்கமே நான் போகவில்லை.

"ஏனுங்க, இந்தப் பீடைய வித்துப்போடுங்க" என்றேன்.

"டிக்கி மூடி என்ன பண்ணும் அம்மிணி. நாம பாத்து நடந்துக்கிட்டா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

குன்னூர் மெக்கானிக் ஒருவர் எளிய வழி சொன்னார். ஒரு முனையில் வளையம் வைத்த இரும்புக் கம்பி. ஓரத்தில் மாட்டிவிட்டால் மூடி ஆயுசுக்கும் நிற்கும். "அரை மணி நேர வேலைங்க" என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் பெட்ரோல் இருக்கும். பெட்ரோலுக்குப் பக்கத்தில் இரும்போடு இரும்பு உரச விடுவேனா என்றார். முழு வண்டியும் இரும்புதானே என்று மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

கடைசியில் அவரே ஒரு கட்டை செய்தார். பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு எஸ்டேட்டிலிருந்து நல்ல தண்டாகப் பார்த்து எடுத்துவந்தார். தேயிலைக் கட்டை சாமானியத்தில் உளுக்காது. அடுப்புக்கு மேலே பரணில் நாலு மாதம் காயப் போட்டார். அது இரும்பு மாதிரி ஆனது. தலையில் மூடியின் விளிம்பு உட்கார ஒரு பிளவு வெட்டினார். அடியில் வழுக்காமல் இருக்க சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றினார். அந்தக் கட்டை ஒன்றரை வருடம் நின்றது. மழையிலும் மஞ்சிலும் அசையவில்லை. எனக்கே அந்த வண்டிமேல் இருந்த கோபம் குறைய ஆரம்பித்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அந்த ஆடி மாதம் மழை நாலு நாளாக விடவில்லை. விறகெல்லாம் ஈரம். வேலையிலிருந்து வந்தால் அவர் தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுப் பொருளைத் தொடுவார். வெந்நீர் வேண்டும். நான் ஊதி ஊதிக் கண் சிவந்து, புகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாலைச் சங்கு ஊதிவிட்டது. பழைய செய்தித்தாள் ஏதாவது கிடைக்குமா என்று கார் நிற்கிற ஷெட்டுக்குப் போனேன். டிக்கியைத் தோளால் முட்டித் தூக்கினேன். காகிதம் இல்லை. கட்டை கிடந்தது. கையில் எடுத்தேன். அந்த வீட்டிலேயே காய்ந்திருந்த ஒரே மரம் அதுதான்.

கொடுவாளால் நாலாகப் பிளந்தேன். பொய் சொல்லக்கூடாது, அப்படி எரிந்தது. அவர் வந்தபோது அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "பரவாயில்லையே, இந்த மழையில இப்படியொரு தண்ணி" என்றார். குளித்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சாப்பிட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டையின் குணம், ஈரத்தின் குணம் என்று சாப்பாடு முடிகிறவரைக்கும் பாடம் நடக்கும். எனக்கு அன்றைக்கு அதைக் கேட்கிற பொறுமை இல்லை.

மறுநாள் தோட்டத்து அவரைக்கொடிப் பந்தலிலிருந்து அதே நீளத்தில் ஒரு கொம்பை உருவினேன். சில்வர் ஓக் கொம்பு, லேசான மரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தலையில் கத்தியால் பிளவு வெட்டினேன். பழைய ரப்பரை அடுப்பில் போடாமல் கழற்றி வைத்திருந்தேன். அதை எடுத்து அடியில் சுற்றினேன். டிக்கியில் வைத்துவிட்டு, மழை விட்டதும் வேறு நல்ல கட்டையாக மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மழை விடவில்லை. நான் மறக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஷெட்டைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன். இருந்தும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளினேன். என் சோம்பலுக்கும் திறக்காத என் வாய்க்கும் நடுவில் அவர் கை இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனோம். உருளைக்கிழங்கு ஒரு மூட்டை வாங்கி வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது தூறிக்கொண்டிருந்தது. மஞ்சு இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. நான் படியில் குடையோடு நின்றேன். அவர் இடது கையால் மூடியைத் தூக்கினார், வலது கையால் கட்டையை எடுத்தார். எடுத்தவர் ஒரு நொடி நின்றார். கட்டையைக் கையில் லேசாகத் தூக்கிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல. அடியில் சுற்றியிருந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். என் வாய் திறந்தது. இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அதற்குள் அவர் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு மூட்டையை இழுக்கக் குனிந்தார். சரி, அவரே பார்த்துவிட்டாரே, அவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டை கனத்தது. பிடிமானத்துக்கு வலது கையை டிக்கியின் கீழ் விளிம்பில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். கட்டை ஒடிகிற சத்தம்கூட வரவில்லை. ஈரத்தில் ஊறிய கொம்பு, நடுவில் மெத்தென்று மடிந்தது. மூடி விழுந்த சத்தம்தான் கேட்டது. அவர் கத்தவில்லை. "அம்மிணி, மூடியத் தூக்கு" என்றார், உப்பை எடு என்பதுபோல. தூக்கினேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது.

வலது கையில் மூன்று விரல்கள். எலும்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். குடியிருப்பில் செய்தி பரவி, ஆலைக்குள் நடந்ததென்று நினைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். சங்கு ஊதலையே அக்கா என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதாள். டிக்கி மூடி என்றதும் ஒருத்தருக்கும் நம்பிக்கை வரவில்லை. பதினெட்டு வருடம் அந்த மருந்துக்கு நடுவில் நகம்கூடப் பெயராத ஆள். "கட்டையக் கோணலா வெச்சுப்போட்டேன். என்ர கவனக்குறைவு" என்று வந்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார். நான் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் நான்தான் ஊட்டிவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் சொல்ல நினைப்பேன். கட்டுப் பிரித்ததும் டாக்டர் கையை நீட்டச் சொன்னார். இடது கை கல்லாக நின்றது. வலது கையில் மூன்று விரல்களும் வளைந்து, காற்றில் படபடவென்று ஆடின. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. அடுத்த வாரம் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாக்கு எண்ணுகிற வேலை.

மாற்றல் உத்தரவு வந்த அன்று மத்தியானம் என்னால் முடியவில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர், கொடுவாள், அவரைப் பந்தல், ரப்பர், ஒன்றையும் விடவில்லை. நீங்க கோணலா வெக்கல, நாந்தான் உங்க கையைத் தின்னுபோட்டேன் என்றேன்.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"தெரியும் அம்மிணி. கையில எடுத்தப்பவே தெரிஞ்சுது. கனமே இல்ல. ரப்பரும் நான் சுத்துற பக்கம் சுத்தல."

"அப்பறம் ஏனுங்க அத வெச்சீங்க?"

"நீ வெச்சதுன்னு தெரிஞ்சுது. அதனாலதான் திருப்பிப் பாக்கல" என்றார்.

அடுத்த வாரம் அவரே குன்னூருக்குப் போய், மெக்கானிக்கிடம் அந்த இரும்புக் கம்பியை மாட்டிக்கொண்டு வந்தார். சொன்ன மாதிரியே அரை மணி நேர வேலைதான். அந்த வண்டி எங்களிடம் இருந்த வரைக்கும் அவர் டிக்கிக்குள் குனியும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளாலும் மூடியைத் தாங்கிக்கொண்டிருப்பேன். கம்பிதான் நிக்குதே, கைய எடு அம்மிணி என்பார். எடுத்ததில்லை.